கையடக்க டிஜிட்டல் கேமரா வாங்குவது எப்படி: லென்ஸ் வளையத்துக் கணக்கிலிருந்து முதல் வாரச் சோதனை வரை

கையடக்க கேமராவின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்களில் பாதி உங்களுக்குப் பயன்படாது. பயன்படும் எண்கள் லென்ஸைச் சுற்றிப் பொடி எழுத்தில் இருக்கும். பலர் அதைப் படிக்காமலே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். மாடல் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற காரணங்களைப் பிறகு தேடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

1. போனில் முடியாதது எது என்று எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே வரி எழுதினால் போதும்: "என் போன் இதைச் செய்யவில்லை." அந்த வரி பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்: மேடை, பறவை, விளையாட்டுத் திடல். இதற்கு ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே நகர்ந்து நெருக்கிக் காட்டும் ஜூம் வேண்டும்.

இருட்டில் ஆட்கள் படத்தில் கலங்காமல் உறைந்து நிற்க வேண்டும். போனில் இருப்பது எல்இடி விளக்கு. பெரும்பாலான கையடக்க கேமராக்களில் இருப்பது ஜெனான் ஃபிளாஷ். அதன் ஒளி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான நேரமே எரிந்து அணைவதால், ஆடுகிறவர் கைகூடக் கலங்காமல் விழும்.

தண்ணீர், மணல், குழந்தைகள். போனைக் கொண்டுபோக மனம் வராத இடங்கள்.

படத்தின் தரமே கூட வேண்டும்: பெரிய பிரிண்ட், ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு), மங்கல் வெளிச்சத்தில் நிறம். இதற்குப் பெரிய சென்சார் வேண்டும்.

நான்கில் எதுவும் பொருந்தவில்லை, "கேமராவில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது" என்பது மட்டும்தான் காரணம் என்றால், புதிதாக எதையும் வாங்காமல் யாரிடமாவது பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கி ஒரு மாதம் பையில் வைத்துப் பாருங்கள். எடுத்துப் போகிறீர்களா, வீட்டிலேயே கிடக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

2. சென்சார் அளவை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடியுங்கள்

ஒளி விழும் சில்லுதான் சென்சார். பரப்பு கூடக்கூட இருட்டில் படம் புள்ளிபுள்ளியாக உடைவது குறையும். கையடக்க கேமராக்களில் நீங்கள் சந்திக்கப்போகும் அளவுகள் இவை:

1/2.3 இன்ச்: 6.17 x 4.55 மிமீ, பரப்பு சுமார் 28 சதுர மிமீ.
1/1.7 இன்ச்: 7.6 x 5.7 மிமீ, சுமார் 43.
1 இன்ச்: 13.2 x 8.8 மிமீ, சுமார் 116.
ஃபோர் தேர்ட்ஸ்: 17.3 x 13 மிமீ, சுமார் 225.
ஏபிஎஸ்-சி: 23.5 x 15.6 மிமீ, சுமார் 366.

"1 இன்ச்" என்று எழுதியிருப்பதால் 25.4 மிமீ இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அதன் மூலைவிட்டமே 16 மிமீ முழுதாக வராது. பழைய டிவி கேமராக் குழாயின் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

விளம்பரத்தில் சென்சார் அளவைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். அப்போது லென்ஸ் வளையத்தைப் படியுங்கள். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3-இன் வளையத்தில் "8.8-36.8 மிமீ 1:1.8-2.8" என்று இருக்கும். அதில் 8.8-36.8 என்பது லென்ஸின் உண்மையான குவியத் தூரம். அதே கேமராவின் விவரக் குறிப்பில் "35 மிமீ-க்கு இணையாக 24-100" என்று இருக்கும். 35 மிமீ ஃபிலிம் கேமராவில் இதே காட்சி கிடைக்கத் தேவையான குவியத் தூரம் அது. இரண்டாவதின் முதல் எண்ணை முதலாவதின் முதல் எண்ணால் வகுங்கள்: 24-ஐ 8.8-ஆல் வகுத்தால் 2.7. இந்த விடைதான் சென்சாரின் கைரேகை.

விடை 5.6 பக்கம் வந்தால் 1/2.3 இன்ச். 4.6 பக்கம் என்றால் 1/1.7. 2.7 என்றால் 1 இன்ச். 2 என்றால் ஃபோர் தேர்ட்ஸ். 1.5 என்றால் ஏபிஎஸ்-சி.

இன்னும் இரண்டைப் போட்டுப் பாருங்கள். ரிக்கோ ஜிஆர் 3-இன் வளையத்தில் 18.3 மிமீ, இணை அளவு 28. விடை 1.53. பானாசோனிக் டிஇசட்99-இல் 4.3, இணை அளவு 24. விடை 5.58. இரண்டும் கையடக்க கேமராக்கள்தான், ஆனால் முதலாவதின் சென்சார் இரண்டாவதைப்போல் 13 மடங்கு பெரியது. இரண்டாவதில் இணை அளவில் 720 மிமீ வரை ஜூம் உண்டு, முதலாவதில் ஜூமே கிடையாது. எது மேல் என்பதை 1-ஆம் படியில் எழுதிய வரிதான் சொல்லும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்றைய நடுத்தர விலைப் போன்கள் பலவற்றின் முதன்மைக் கேமராவில் உள்ள சென்சார், 1/2.3 இன்ச்சைவிடப் பெரியது. அதோடு போன் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கித் தரும். ஆகவே ஜூம், ஃபிளாஷ், தண்ணீர்க் காப்பு மூன்றும் தேவையில்லாதவர், "போனைவிட நன்றாக இருக்கும்" என்ற நம்பிக்கையில் 1/2.3 இன்ச் கேமராவை வாங்கினால் ஏமாற்றம்தான். இரவுப் படத்தில் போனே ஜெயிக்கும்.

3. எஃப் எண்ணை இரண்டு முனையிலும் பாருங்கள்

வளையத்தில் "1:1.8-4.9" என்று இருந்தால், ஜூம் இழுக்காதபோது எஃப்/1.8, முழுதும் இழுத்தால் எஃப்/4.9 என்று பொருள். எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவைக் காட்டுவது, எண் சிறிதாக இருந்தால் ஒளி அதிகம். ஒளியின் வித்தியாசம் அந்த எண்களின் வர்க்கத்தில் போகும்: 4.9-ஐ 1.8-ஆல் வகுத்து, விடையை அதே எண்ணால் பெருக்கினால் 7.4. அதாவது ஜூமை இழுத்ததும் உள்ளே வரும் ஒளி ஏழில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். "எஃப்/1.8 லென்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் மறுமுனையைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

முகம் மட்டும் தெளிவாக, பின்னணி கரைந்து போக வேண்டும் என்று எதிர்பார்த்தால் 2-ஆம் படியில் வந்த விடையால் எஃப் எண்ணைப் பெருக்குங்கள். 1 இன்ச் சென்சாரில் எஃப்/1.8 என்பது, பின்னணிக் கரைசலைப் பொறுத்தவரை, ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) எஃப்/4.9 வைத்தது போலத்தான். 1/2.3 இன்ச்சில் எஃப்/3.3 என்றால் எஃப்/18 போல. அதில் எல்லாமே தெளிவாகத்தான் விழும். வெளிச்சக் கணக்குக்கு இந்தப் பெருக்கல் வேண்டாம், ஷட்டர் வேகம் எஃப் எண்ணின்படியே அமையும்.

ஜூம் நீளமாக உள்ள கேமராவில் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) இல்லை என்றால் விட்டுவிடுங்கள். 720 மிமீ-இல் கை நடுக்கம் தெரியாமலிருக்க நொடியில் சுமார் 700-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டும். மேகமூட்டமான நாளில் எஃப்/6.4-இல் அந்த வேகம் சுலபத்தில் கிடைக்காது.

4. மெகாபிக்சல், டிஜிட்டல் ஜூம், மலிவுப் பொறி

ஏ4 தாளில் 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி) பிரிண்டுக்கு 8.7 மெகாபிக்சல் போதும். 4 x 6 இன்ச் பிரிண்டுக்கு 2.2. 4கே டிவித் திரை முழுக்கக் காட்ட 8.3. ஆகவே 12-க்கு மேல் உள்ள எந்த எண்ணும் ஒழுங்கான லென்ஸ் இருந்தால்தான் பயன்.

டிஜிட்டல் ஜூம் என்பது நடுவில் வெட்டிப் பெரிதாக்குவது. 2 மடங்கு இழுத்தால் பிக்சலில் கால் பங்குதான் மிஞ்சும், 4 மடங்கில் பதினாறில் ஒன்று. வாங்கியதும் மெனுவில் அதை அணைத்துவிடுங்கள்.

இணையக் கடைகளில் கேள்விப்படாத பெயர்களில் "48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம், 4கே" என்று மிக மலிவாக வரும் கேமராக்களைக் கண்டுகொள்ள ஐந்து அடையாளங்கள். ஜூம் என்பதற்குப் பக்கத்தில் "டிஜிட்டல்" என்று பொடியாக இருக்கும். ஆன் செய்தால் லென்ஸ் வெளியே வராது. 35 மிமீ இணை அளவு எங்கும் சொல்லப்பட்டிருக்காது. சென்சார் மில்லிமீட்டர் இருக்காது. ஃபிளாஷ் இருக்கும் இடத்தில் எல்இடி இருக்கும். இவற்றில் சின்ன சென்சார் தரும் படத்தை மென்பொருள் ஊதி 48 மெகாபிக்சலாக்குகிறது. ஃபைல் பெரிதாக இருக்கும், உள்ளே விவரம் இருக்காது. குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக வாங்கினால் சரி, பயணத்துக்கு வேண்டாம்.

5. வகையை முடிவு செய்யுங்கள், பிறகு மாடல்

பெரிய சென்சார், ஜூம் இல்லை: ரிக்கோ ஜிஆர் 3 (28 மிமீ), அதன் உடன்பிறப்பு ஜிஆர் 3எக்ஸ் (40 மிமீ), ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை (35 மிமீ). தெருப் படம், பயணம், குடும்பம் எல்லாவற்றுக்கும் தகும். ஆனால் தூரத்தில் உள்ளதற்கு நடந்துதான் போக வேண்டும்.

1 இன்ச், நடுத்தர ஜூம்: கேனான் ஜி7 எக்ஸ் வரிசை, சோனி ஆர்எக்ஸ்100-இன் 3 முதல் 5 வரையிலான மாடல்கள். என்ன வாங்குவது என்று தெரியாதவருக்கு இதுவே பாதுகாப்பான இடம். ஆர்எக்ஸ்100-இன் 6, 7 மாடல்களில் ஜூம் 24-200 ஆக நீண்டது, அதற்கு விலையாக எஃப்/1.8 போய் எஃப்/2.8 ஆனது. பெயர் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு. எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நீள ஜூம்: 1/2.3 இன்ச் சென்சாரும் 30 மடங்கு ஜூமும் உள்ளவை. பகல் வெளிச்சத்துக்கு மட்டும்.

தண்ணீர்க் காப்பு: ஒலிம்பஸ் டிஜி-6, அதற்குப் பின் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7. 15 மீட்டர் ஆழம் வரை. பேட்டரிக் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து மூட வேண்டும். கடலில் இறங்கினால் பிறகு நல்ல தண்ணீரில் ஊற வைத்து உப்பை நீக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் இதை வாங்க வேண்டாம்.

6. கடையில் பத்து நிமிடம்

உங்கள் மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். திரையில் எல்லாப் படமும் அழகாகத் தெரியும், வீட்டுக் கணினியில் பார்த்தால்தான் உண்மை.

முதலில் ஆன் செய்து எத்தனை நொடியில் முதல் படம் எடுக்க முடிகிறது என்று பாருங்கள். இரண்டு நொடிக்கு மேல் போனால் குழந்தை, நாய், பேருந்து ஜன்னல் எல்லாம் கைநழுவும்.

அடுத்து ஷட்டர் தாமதம். உங்கள் போனில் ஸ்டாப்வாட்சை ஓட விட்டு மேசையில் வையுங்கள். கேமராவில் அதைப் பார்த்துக்கொண்டே 10.0 வரும்போது பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். படத்தில் 10.6 என்று விழுந்திருந்தால் தாமதம் 0.6 நொடி, அதில் உங்கள் விரலின் தாமதமும் சேர்ந்திருக்கும். இப்போது பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, ஃபோகஸ் பச்சையான பிறகு அதே சோதனையைச் செய்யுங்கள். 10.2 என்று வந்தால், இடையே உள்ள 0.4 நொடி ஃபோகஸுக்கு ஆகும் நேரம். கடையின் வெளிச்சமான பகுதியில் ஒரு முறை, மேசைக்கு அடியில் இருட்டில் ஒரு முறை செய்து பாருங்கள். கேமராக்களின் வித்தியாசம் இருட்டில்தான் தெரியும்.

பிறகு வாசலுக்கு வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடி அணிகிறவர் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) இருந்தால் கண்ணாடியோடு பார்த்துச் சோதிக்க வேண்டும். வலது கட்டைவிரல் வைக்கும் இடத்தில் வீடியோ பொத்தான் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். சில மாடல்களில் கேமராவைப் பிடித்தாலே வீடியோ ஓடத் தொடங்கிவிடும். கடைசியாக, நீங்கள் வழக்கமாக அணியும் உடுப்பின் பையில் போட்டுப் பாருங்கள். பையில் போகாத கையடக்க கேமரா வீட்டை விட்டு வெளியே வராது.

7. கேமராவின் விலை முழுச் செலவு ஆகாது

கையில் உள்ள தொகையை நூறு பங்காக வைத்தால் கேமராவுக்கு எண்பதுக்கு மேல் ஒதுக்காதீர்கள். மீதி எங்கே போகும் என்று பாருங்கள்.

இரண்டாவது பேட்டரி கட்டாயம். ஒரு சார்ஜுக்கு ரிக்கோ ஜிஆர் 3 சுமார் 200 படம், ஜி7 எக்ஸ் மார்க் 3 சுமார் 235, ஆர்எக்ஸ்100-இன் 7-ஆம் மாடல் சுமார் 260 என்று நிறுவனங்களே சொல்கின்றன. இது சிபா (ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம்) முறை எண்: 30 நொடிக்கு ஒரு படம், பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ், அவ்வப்போது அணைத்து ஆன் செய்வது. நீங்கள் எடுத்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவராக இருந்தால் குறையும், வீடியோ எடுத்தால் இன்னும் குறையும். பேட்டரியில் மட்டும் போலியிடம் மாட்டாதீர்கள். எடை குறைவாக இருப்பதும், மீதிச் சார்ஜ் திரையில் தெரியாமல் போவதும் போலியின் அடையாளம். விமானத்தில் உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகளை மூடி.

மெமரி கார்டு: 64 ஜிபி, வி30 குறியுள்ள ஒன்று போதும். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் நிமிடத்துக்கு 750 எம்பி ஆகும். வி30 என்பது நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்ற உறுதி. தேவையைவிட இரட்டிப்பு இருக்கிறது. 256 ஜிபி ஒன்றைவிட 64 ஜிபி இரண்டு மேல். ஒன்று கெட்டால் பயணம் முழுவதும் போகாது.

சார்ஜர்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் டிஜிட்டல் கேமராக்களுக்கும் யுஎஸ்பி-சி கட்டாயம். அதற்கு முன் வடிவமைத்த மாடல்கள் சிலவற்றில் மைக்ரோ யுஎஸ்பி இன்னும் இருக்கும். யுஎஸ்பி-சி இருந்தாலும், சில மாடல்கள் பவர் டெலிவரி (பிடி) என்ற யுஎஸ்பி-சி சார்ஜ் முறை உள்ள சார்ஜரை மட்டுமே ஏற்கும். பழைய போன் சார்ஜரைச் செருகிவிட்டு "கேமரா கெட்டுவிட்டது" என்று கடைக்கு ஓடுகிறவர்கள் பலர்.

மீதி: உறை, கைப்பட்டி. உறை துணியாக இருந்தால் உள்ளே பஞ்சு பிசிறு இல்லாததாகப் பாருங்கள். காரணம் 10-ஆம் படியில்.

8. எப்போது வாங்குவது

பயணத்துக்காக வாங்குவதானால் கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு. ஒரு வாரம் சோதனை, ஒரு வாரம் மாற்றி வாங்க, ஒரு வாரம் கை பழக. கிளம்பும் முந்தைய நாள் வாங்கிய கேமராவில் பழுது இருந்தால் திரும்பி வருவதற்குள் மாற்றும் கெடு முடிந்திருக்கும்.

"அடுத்த மாடல் வரட்டும்" என்று காத்திருப்பது போன் வாங்குவதில் சரி. இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. ஜி7 எக்ஸ் மார்க் 3, ஆர்எக்ஸ்100-இன் 7, ஜிஆர் 3 மூன்றுமே 2019-இல் வந்து, பல ஆண்டுகள் கழித்தும் புதிதாகவே விற்கப்பட்டவை. தேவை திடீரென்று கூடினால் சரக்கு தீரும். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையின் 2024 மாடலுக்குப் பதிவு செய்து மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்படிச் சரக்கு இல்லாத நேரத்தில் பட்டியல் விலைக்கு மேல் கேட்கிறவரிடம் வாங்காதீர்கள். அதே வகையில் முந்தைய மாடல் ஒன்று இருக்கும். ஜி7 எக்ஸ் மார்க் 2-க்கும் 3-க்கும் படத்தரத்தில் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு, வீடியோவுக்குத்தான் 3 வேண்டும்.

9. பில், வாரண்டி, சீரியல் எண்

பணம் கொடுக்கும் முன் மூன்று இடத்தில் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்: பெட்டியின் ஸ்டிக்கர், கேமராவின் அடிப்பக்கம், பில். வேறுபட்டால் பெட்டி மாறியிருக்கிறது அல்லது ஏற்கெனவே திருப்பித் தரப்பட்ட கேமரா. பில்லில் மாடல் பெயர் முழுதாக இருக்க வேண்டும். "டிஜிட்டல் கேமரா - 1" என்று மட்டும் எழுதிய பில் பழுதுபார்க்கும் இடத்தில் செல்லாது.

வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். வேறு நாட்டுச் சரக்கைக் குறைந்த விலைக்கு விற்கும் கடை, "கடை வாரண்டி" என்று சொன்னால் அந்தக் கடை இருக்கும்வரைதான் அது இருக்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனி போன்ற சில நிறுவனங்களின் மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும், மாற்ற முடியாது. வாங்கும் முன் மொழிப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பில்லையும் சீரியல் எண்ணையும் போனில் படமெடுத்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். வெப்பத் தாளில் அடித்த பில் ஓராண்டில் வெளுத்துவிடும், வாரண்டி கேட்கும் நாளில் வெள்ளைத் தாள்தான் இருக்கும். வெளிநாடு போய்த் திரும்பும்போது சுங்கத்தில் "எங்கே வாங்கியது" என்று கேட்டாலும் அந்தப் படம் உதவும்.

10. பழையதை வாங்குவதானால்

கையடக்க கேமராவில் முதலில் போவது லென்ஸ் பொறிமுறை. வெளியே நீண்டு உள்ளே போகும் குழாய், காற்றுப் பம்பு போல ஒவ்வொரு முறையும் பையில் உள்ள தூசியை உறிஞ்சும். உள்ளே போன தூசி சென்சாரில் உட்கார்ந்தால், லென்ஸைக் கழற்ற முடியாததால் நீங்கள் துடைக்க முடியாது. பிரித்துத் துடைக்கக் கேட்கும் கூலி சில சமயம் கேமராவின் விலையை எட்டும்.

ஆகவே தூசிச் சோதனையைத் தவறவிடாதீர்கள். எஃப் எண்ணை மிகப் பெரியதாக, எஃப்/8 அல்லது எஃப்/11-இல் வையுங்கள். வெளிர் நிறச் சுவரையோ வெறும் வானத்தையோ, ஃபோகஸ் கலைந்த நிலையில் எடுங்கள். ஜூம் இழுக்காமல் ஒன்று, முழுதும் இழுத்து ஒன்று. படத்தைப் பெரிதாக்கி மூலைவரை தேடுங்கள். சாம்பல் நிற வட்டம் ஒரே இடத்தில் இரண்டு படத்திலும் இருந்தால் அது தூசி. அந்த ஒரு புள்ளிக்காக விலையைக் குறைக்கலாம், நான்கு இருந்தால் வாங்க வேண்டாம்.

பிறகு பத்து முறை ஆன், ஆஃப். லென்ஸ் மேல் நோக்கி, கீழ் நோக்கி, பக்கவாட்டில் வைத்துச் செய்யுங்கள். மணல் அரைபடும் சத்தம் கேட்டாலோ, பாதியில் நின்று திரையில் லென்ஸ் பிழை வந்தாலோ கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று மூடித் தகடுகளும் முழுதாக மூடுகின்றனவா என்றும் பாருங்கள்.

ஆஃபில் வைத்து மெல்ல ஆட்டும்போது உள்ளே ஏதோ லேசாகத் தட்டும் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். பல மாடல்களில் ஸ்டெபிலைசேஷன் தொகுதி மின்சாரம் இல்லாதபோது தளர்வாக இருக்கும். ஆன் செய்ததும் சத்தம் நிற்க வேண்டும்.

பேட்டரியை வெளியே எடுத்துச் சமமான மேசையில் வைத்துச் சுழற்றுங்கள். பம்பரம் போலச் சுற்றினால் உப்பியிருக்கிறது. கேமராவின் கதவுக் கொக்கி உடைந்திருந்தால் டேப் ஒட்டித்தான் வாழ வேண்டியிருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் உள் பேட்டரி செத்திருக்கிறது. படத்துக்குக் கெடுதல் இல்லை, எரிச்சல் மட்டும்.

"நூறு படம்கூட எடுக்கவில்லை" என்று விற்பவர் சொன்னால், காலியான கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து ஃபைல் எண்ணைப் பாருங்கள். எண் தொடரும் அமைப்பில் இருந்தால் 6,000 என்றோ 8,000 என்றோ வரும். எண் 9999-க்குப் பின் மறுபடி தொடக்கத்துக்கு வரும், அமைப்பை மாற்றியும் இருக்கலாம். ஆகவே சிறிய எண் எதையும் நிரூபிக்காது, பெரிய எண் பொய்யைக் காட்டிக்கொடுக்கும்.

2000-களின் கேமராக்களைத் தேடுகிறவர்கள் கார்டைக் கவனிக்க வேண்டும். 2006-க்கு முன் வந்தவை பொதுவாக 2 ஜிபி வரையிலான எஸ்டி கார்டையே படிக்கும். அதன்பின் வந்த எஸ்டிஎச்சி மாடல்களில் உச்சம் 32 ஜிபி. 64 ஜிபி போட்டால் "கார்டு பிழை" வரும், கேமராவில் பழுது இருக்காது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்கள் எக்ஸ்டி கார்டும், பழைய சோனி மாடல்கள் மெமரி ஸ்டிக்கும் கேட்கும். கார்டும் சார்ஜரும் இல்லாமல் விற்கிறார்கள் என்றால் முதலில் அவை கிடைக்கிறதா என்று தேடிவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள்.

சிசிடி என்ற பழைய வகைச் சென்சாருக்கென்றே இன்று கூடுதல் விலை சொல்கிறார்கள். அந்தப் படங்களின் தோற்றத்தில் பெரும்பங்கு நேர் ஃபிளாஷுக்கும் அந்தக் கால நிறச் செயலாக்கத்துக்கும் உரியது. சிசிடி-இல் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400-க்கு மேல் படம் உடைவதும், தெருவிளக்கைக் காட்டினால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுவதும் இயல்பு.

வேலை செய்யாத கேமராவை வீட்டில் பிரிக்காதீர்கள். ஃபிளாஷ் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும்.

11. வாங்கிய முதல் வாரம்

மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று பில்லில் பார்த்து, அதற்கு இரண்டு நாள் முன்பாகவே இவற்றை முடியுங்கள்.

மூலைச் சோதனை. சின்ன லென்ஸ்களில் உள் கண்ணாடி ஒன்று இம்மியளவு சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். செய்தித்தாள் ஒன்றை முழுதாக விரித்துச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ட்ரைபாடிலோ புத்தக அடுக்கிலோ சுவருக்கு நேராக வைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள். ஜூமின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும். கணினியில் 100 சதவீதத்தில் நான்கு மூலை எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் குணம். வலது மூலைகள் மட்டும் படிக்க முடியாமல் போனால், கேமரா நேராக இருந்ததா என்று பார்த்து மீண்டும் ஒரு முறை எடுத்து, அதே விடை வந்தால் மாற்றிக் கேளுங்கள். அந்த இரண்டு படங்களையும் கடையில் காட்டுங்கள், வாய்ப்பேச்சு எடுபடாது.

புள்ளிச் சோதனை. லென்ஸைக் கறுப்புத் துணியால் மூடி 1 நொடி எக்ஸ்போஷரில் எடுங்கள். சிவப்பு, நீலப் புள்ளிகள் ஓரிரண்டு எல்லாச் சென்சாரிலும் உண்டு. சாதாரணப் பகல் படத்திலும் தெரிந்தால் மட்டும் குறை.

கார்டுச் சோதனை. கணினியிலிருந்து பெரிய ஃபைல்களைக் கார்டு நிரம்பும்வரை நகலெடுத்து, திரும்பத் திறந்து பாருங்கள். 64 ஜிபி என்று எழுதிய போலிக் கார்டு 8 ஜிபி-யிலேயே தடுமாறும். பிறகு கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம்.

பேட்டரிச் சோதனை. இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு நாள் வழக்கம்போல எடுத்து எத்தனை படத்தில் நிற்கிறது என்று பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அந்த எண் பாதியாகியிருந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, கேமராவுக்கு ஒன்றுமில்லை.

எல்லாம் சரியாக வந்தபின் டிஜிட்டல் ஜூமை அணைத்து, தேதியைச் சரிசெய்து, கைப்பட்டியைக் கட்டுங்கள். பெட்டியின் பார்கோடை மட்டும் கெடு முடியும்வரை வெட்ட வேண்டாம்.